அஞ்சுதெங்கு முதல் பாங்கோடு வரை: பட்டாளத்து வீட்டுப் பெண்களின் முதல் நாட்கள்

திருவிதாங்கூர் வரலாற்றை எழுதியவர்கள் போர்களுக்குக் குறை வைக்கவில்லை. குளச்சல் போர் எந்த ஆண்டு, யார் தலைமை, எத்தனை பேர் சிறைப்பட்டார்கள் என்றெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளே சொல்லும். அந்தப் படைவீரனைக் கைப்பிடித்து, ஊர் பேர் தெரியாத இடத்தில் வந்து இறங்கி, முதல் நாள் அடுப்பு மூட்டிய பெண்ணைப் பற்றி மட்டும் நம் ஏடுகள் அதிகம் பேசுவதில்லை. அவள் தண்ணீருக்கு எங்கே போனாள்? யாரிடம் என்ன மொழியில் பேசினாள்? அவன் திரும்பி வருகிற வரைக்கும் அவளுக்குத் துணை யார்?

பாங்கோடு ராணுவ முகாமுக்குப் பக்கத்தில் குடித்தனம் தொடங்கிய பட்டாளக்காரர் மனைவி நான் என்பதால் இந்தக் கேள்விகள் எனக்குள் வெகுநாளாக உண்டு. திருவனந்தபுரத்தைச் சுற்றியுள்ள சில இடங்களையும் சில பழைய பதிவுகளையும் வைத்து என்னால் இயன்ற வரை விடை தேடியிருக்கிறேன். நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்கு இது சொந்தக் கதையாகவும் இருக்கும்.

அஞ்சுதெங்கில் ஒரு பெண்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் வர்க்கலைக்குத் தெற்கே, கடலுக்கும் காயலுக்கும் நடுவில் ஒரு கீற்று நிலம்தான் அஞ்சுதெங்கு. ஆற்றிங்கல் ராணியிடம் 1684ல் இடம் பெற்ற ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1695ல் அங்கே கோட்டை கட்டியது. எல்லாம் மிளகுக்காகத்தான். அந்தக் கோட்டைச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. பிற்காலத்தில் இதே அஞ்சுதெங்கு திருநெல்வேலி மாவட்ட நிர்வாகத்தின் கீழ் இருந்தது என்றால் நம்மில் பலர் நம்ப மாட்டார்கள். நம்ம ஊர்க் கலெக்டர் ஆட்சியில், கடல் பக்கம் போக மற்றப் பக்கமெல்லாம் திருவிதாங்கூர் சூழ, ஒரு துண்டு பிரிட்டிஷ் மண்ணாக அது இருந்திருக்கிறது.

இந்தக் கோட்டையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் கதையை ஜான் பிடல்ஃப் என்ற ஆங்கிலேயர், மலபார்க் கடற்கொள்ளையர் பற்றி 1907ல் வெளியிட்ட நூலின் பிற்பகுதியில் எழுதியிருக்கிறார். அவள் பெயர் கேதரின் குக். தகப்பனார் ஜெரார்ட் குக், வங்காளத்தில் கம்பெனியின் வில்லியம் கோட்டையில் பீரங்கிப் பிரிவில் வேலை பார்த்தவர். இங்கிலாந்துக்குப் போய்விட்டு மறுபடியும் வங்காளத்துக்குக் குடும்பத்தோடு கப்பலேறினார். காற்று பருவம் தவறியதால் அந்தக் கப்பல் 1709 அக்டோபரில் கார்வார் துறைமுகத்தில் ஒதுங்கியது. அப்போது கேதரினுக்கு வயது 13 அல்லது 14.

கார்வாரில் கம்பெனித் தலைவராக இருந்தவர் ஜான் ஹார்வி. வயதானவர், உடற்குறை உள்ளவர், கையில் பணம் இருந்தது. பெண்ணைப் பார்த்தார், கேட்டார். பெற்றோர் சம்மதித்தார்கள். சில நாட்களில் கல்யாணம் முடிந்தது. தாய், தகப்பன், உடன்பிறந்தவர்கள் எல்லாரும் அதே கப்பலில் வங்காளத்துக்குப் போய்விட்டார்கள். பதினாலு வயசுப் பிள்ளை, பாஷை தெரியாத கரையில், வயதான புருஷனோடு நிற்கிறாள். அவளது முதல் நாட்கள் எப்படி இருந்தன என்று அவள் கைப்பட எழுதிய ஒரு வரி கூட நம் கையில் இல்லை. கல்யாணப் பேச்சில் பணம் புரண்டதால் அந்தப் பேச்சு மட்டும் ஏட்டில் ஏறியது.

ஹார்வி 1712ல் இறந்தார். பிறகு தாமஸ் சௌன் என்ற இளம் கம்பெனி அலுவலரை அவள் மணந்தாள். அந்த வருஷம் நவம்பரில் இருவரும் பம்பாய்க்குக் கப்பலில் போகும்போது மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேயின் கப்பல்கள் வளைத்துக்கொண்டன. குண்டடிபட்ட சௌன், மனைவியின் கையிலேயே உயிர் விட்டார். வயிற்றில் பிள்ளையோடு இருந்த கேதரினைக் கொலாபாக் கோட்டைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். 30,000 ரூபாய் கொடுத்து 1713ல்தான் கம்பெனி மீட்டது. அந்தக் காலத்து 30,000 ரூபாய் என்றால் நினைத்துப் பாருங்கள்.

அவளுடைய மூன்றாவது கணவர் வில்லியம் கிஃபோர்ட். சில ஆண்டுகளில் அவர் அஞ்சுதெங்குக் கோட்டைக்குத் தலைவராக வந்தார். கேதரினும் வந்தாள்.

இவர்கள் வியாபாரிகள் ஆச்சே, பட்டாளக் குடும்பம் என்று எப்படிச் சொல்லலாம் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தக் காலத்தில் இரண்டுக்கும் நடுவே கோடு கிடையாது. மிளகுக் கிடங்கைச் சுற்றிக் கோட்டை, கோட்டை மேல் பீரங்கி, பீரங்கிக்குப் பக்கத்தில் சிப்பாய். கிடங்குக்குத் தலைவர் யாரோ அவரே கோட்டைக்கும் தலைவர். உள்ளே குடியிருந்த பெண், சண்டை வந்தால் முற்றுகைக்குள் இருக்க வேண்டியவள்தான்.

பயமுறுத்தாதீர்கள் என்ற கடிதம்

கிஃபோர்ட் மிளகு விலையிலும் எடையிலும் ஊராரை ஏமாற்றினார். தன் சொந்த வியாபாரத்தைக் கம்பெனி வியாபாரத்தோடு கலந்தார். கோட்டைக்கும் ஊருக்கும் இடையே பேசி வந்த மொழிபெயர்ப்பாளர் மீதும் ஊருக்குத் தீராத கோபம். ராணிக்குச் சேர வேண்டிய வெகுமதிப் பொருட்கள் பல வருஷமாகப் போய்ச் சேரவில்லை. கடைசியில் 1721 ஏப்ரலில், பாக்கியை மொத்தமாகக் கொடுத்துச் சமாதானம் செய்யலாம் என்று ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஆற்றிங்கலுக்குப் புறப்பட்டார். போனவர்களில் சுமார் 140 பேர் கொல்லப்பட்டார்கள். கிஃபோர்டும் அதில் ஒருவர். ஆற்றிங்கல் கலகம் என்று கேரள வரலாற்றில் பெயர் பெற்றது இதுதான். பிரிட்டிஷாரை எதிர்த்து எழுந்த முதல் பெரிய எழுச்சி என்று இதைக் கொண்டாடுகிறார்கள். ஏமாற்றப்பட்ட ஊர் எழுந்தது. அதில் நியாயம் உண்டு. அதே நாளில் கோட்டைக்குள் இருந்த பெண்களின் பக்கமும் நாம் ஒரு நிமிஷம் பார்க்கலாம்.

ஆற்றிங்கலில் வலை விரித்திருப்பது தெரிந்ததும் கிஃபோர்ட் கோட்டைக்கு ஒரு சின்னக் கடிதம் அனுப்பினார். இங்கே நமக்குத் துரோகம் நடக்கிறது, அங்கே விழிப்பாக இருங்கள், இன்று இரவே வந்துவிடுவோம் என்று நம்புகிறோம், பெண்களைப் பயமுறுத்த வேண்டாம், பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை என்பது அதன் சாரம். அவர் திரும்பவில்லை.

எனக்கு இந்த வரலாற்றில் மிக முக்கியமாகப் படுவது இந்தக் கடிதம்தான். சாவின் வாசலில் நிற்கிற மனுஷன் கூட, வீட்டுப் பெண்ணுக்குச் செய்தி போகக்கூடாது என்று நினைக்கிறான். அது அன்பாகவும் இருக்கலாம், வழக்கமாகவும் இருக்கலாம். விளைவு ஒன்றுதான். முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அவளுக்கு விவரம் தெரியாது. தெரிய வரும்போது அவள் விதவை.

கேதரினும் கணவரை இழந்த வேறு இரண்டு ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு கடல் வழியாகத் தப்பிச் சென்னை போய்ச் சேர்ந்தார்கள். கோட்டையில் எஞ்சியவர்கள் சில டஜன் பேர். இன்ஸ் என்ற பீரங்கிக்காரர் அவர்களை வைத்துக்கொண்டு சுமார் ஆறு மாதம் முற்றுகையைத் தாங்கினார். அதன் பிறகே தலச்சேரியிலிருந்து உதவிப்படை வந்து முற்றுகை நீங்கியது. கேதரினுக்கு அப்போது வயது 26ஐத் தாண்டியிருக்காது. அதற்குள் மூன்று முறை விதவை.

கம்பெனி அவளை எப்படி நடத்தியது என்பதும் தெரிய வேண்டியது. கிஃபோர்ட் வைத்த பாக்கிக்கு அவள் பொறுப்பு என்றது. அவளோ, கணவரின் சொத்து தனக்குச் சேர வேண்டும் என்றாள். கடற்படைத் தலைவர் மாத்யூஸின் கப்பலில் இங்கிலாந்து போய் அங்கேயும் வழக்காடினாள். அந்தக் கணக்கு வழக்குகளால்தான் அவள் கதை நமக்குக் கிடைத்தது. அதே கோட்டையில் இந்தியப் போர்ச்சுகீசியக் கலப்பு வழியினரான தோப்பாஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களுடைய பெண்டு பிள்ளைகள் என்ன ஆனார்கள்? கேதரினின் கதையைச் சொல்லும் நூல் அவர்களில் ஒருத்தி பெயரையும் சொல்லவில்லை. அவர்கள் பேரில் கம்பெனிக்கு வழக்கு இல்லை. ஆகவே ஏடும் இல்லை.

இந்த நிகழ்ச்சிக்கு ஏழு வருஷம் கழித்து, 1728ல், இதே அஞ்சுதெங்கில் பிறந்தவர்தான் ராபர்ட் ஓர்ம். இந்தியாவில் ஆங்கிலேயர் நடத்திய போர்களின் வரலாற்றைப் பல பாகங்களாக எழுதி அந்நாளில் பெரும் பெயர் பெற்றவர். படைகள் எங்கே நகர்ந்தன, எந்தக் கோட்டை விழுந்தது என்றெல்லாம் நுணுக்கமாக எழுதினார். கோட்டைக்குள் பிள்ளை பெற்று வளர்த்த ஒரு தாயின் மகன் எழுதிய போர் வரலாறு அது.

உதயகிரியில் மூன்று கல்லறைகள்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் போகும் சாலையில், தக்கலையைத் தாண்டிப் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை வரும். நம்மில் பலர் ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த மதில்தான். ஊர் மக்கள் டிலனாய் கோட்டை என்பார்கள். 1956 நவம்பர் 1 முதல் அது தமிழ்நாட்டில் இருக்கிறது. அதற்கு முன்பு திருவிதாங்கூர் மண்.

டிலனாய் என்று நாம் சொல்கிற யூஸ்டாசியஸ் டி லனாய், டச்சுக் கம்பெனியின் படையில் வந்தவர். 1741 ஆகஸ்டு 10ல் முடிந்த குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மரின் படையிடம் தோற்றுப் பிடிபட்டார். பிறகு அதே மன்னரிடம் வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, வலிய கப்பித்தான் என்று பெயர் வாங்கினார். உதயகிரியில் பீரங்கி வார்க்கும் பட்டறையும் நடந்தது. 1777 ஜூன் 1ல் அங்கேயே காலமானார்.

கோட்டைக்குள் பாழடைந்த சிறு தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அதில் லத்தீன் எழுத்தோடு தமிழ் எழுத்தும் உண்டு. பக்கத்திலேயே மனைவி மார்கரீட்டாவின் கல்லறை; மகன் ஜோஹன்னஸின் கல்லறையும் உண்டு. அந்த மகன் 1765ல் களக்காட்டில் நடந்த சண்டையில் இளம் வயதிலேயே உயிரிழந்தவன். களக்காடு எங்கே இருக்கிறது? நம் திருநெல்வேலிச் சீமையில்.

மார்கரீட்டாவைப் பற்றிக் கல்லறைக்கு மேல் அதிகம் பேசுவாரில்லை. ஆனாலும் சில விஷயங்களை அந்த இடமே சொல்கிறது. அவள் குடியிருந்தது கோட்டைக்குள். மதிலுக்கு வெளியே சந்தைக்குப் போனாலும், பால்காரியோடு பேசினாலும், காதில் விழுந்தது தமிழாகத்தான் இருக்கும். அது கல்குளம் பகுதி. அவள் கணவர் வேலை பார்த்த அரண்மனை பத்மநாபபுரத்தில், கூப்பிடு தூரத்தில். தேவாலயம் கோட்டைக்குள்ளேயே. அப்படியானால் கும்பிட ஒரு இடம், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கணவரின் வேலை, பிள்ளை வளர்க்க ஒரு மதில், இவ்வளவும் அவளுக்குக் கிடைத்தன. கேதரினுக்கு அஞ்சுதெங்கில் கிடைக்காத ஒன்றும் கிடைத்தது: வெளியே இருந்த ஊர், அவள் கணவருக்குப் பகை ஊர் அல்ல.

இந்த வித்தியாசம் முக்கியம் என்று நான் கருதுகிறேன். அந்நிய ஊருக்கு வந்த பட்டாளத்துப் பெண் வேர் பிடிப்பதும் பிடிக்காததும் அவள் மனத்துணிவால் மட்டும் ஆவதில்லை. அவள் புருஷன் அந்த ஊரில் எந்த வேலைக்காக நிற்கிறான், அந்த ஊர் அவனை எப்படிப் பார்க்கிறது என்பதும் அவள் வீட்டு வாசல் வரை வந்துவிடும்.

பாளையமும் பட்டாளப் பள்ளியும்

திருவனந்தபுரத்துக்கே வருவோம். நாம் தினம் காய்கறி வாங்கப் போகிற பாளையம், பெயரிலேயே படைமுகாம். அங்கே இருக்கிற மசூதியைப் பழைய ஆட்கள் பட்டாளப் பள்ளி என்பார்கள். 1813ல் இங்கே தங்கியிருந்த கம்பெனிப் படையின் முஸ்லிம் சிப்பாய்கள் சிறிதாகக் கட்டியது. பின்னால் வந்த ரெஜிமெண்டுகள் வளர்த்தன. கிழக்கேகோட்டைப் பக்கத்தில் பழவங்காடிப் பிள்ளையார் இருக்கிறார். பத்மநாபபுரத்தில் நாயர் படையினர் வணங்கிய தெய்வத்தைத் தலைநகரம் மாறியபோது இங்கே கொண்டுவந்தார்கள் என்பது வரலாறு. திருவிதாங்கூர்ப் படை பிற்பாடு இந்திய ராணுவத்தில் சேர்ந்து மெட்ராஸ் ரெஜிமெண்டின் பட்டாலியன்களாயிற்று. அந்தக் கோவிலை இன்றும் ராணுவமே நடத்துகிறது. தேங்காய் உடைக்கிற நம் பெண்களில் எத்தனை பேருக்கு அது பட்டாளத்துக் கோவில் என்று தெரியும்?

1805 உடன்படிக்கைக்குப் பிறகு கொல்லத்தில் கம்பெனியின் மெட்ராஸ் ராணுவம் நிலைகொண்டது. மெட்ராஸ் ராணுவத்துக்கு ஒரு தனி வழக்கம் உண்டு. வங்காள ராணுவத்துச் சிப்பாய் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் போவான். மெட்ராஸ் சிப்பாய் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டே ரெஜிமெண்ட் போகுமிடமெல்லாம் போவான். ரெஜிமெண்ட் நடந்தால் குடும்பமும் நடக்கும். புது ஊரில் வரிசையாகக் குடிசை போட்டுக்கொள்வார்கள். அதுதான் லைன். நாம் இன்றும் லைன் வீடு என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குள் இப்படியும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. சிப்பாயின் மகனைச் சிறு வயதிலேயே படையின் கணக்கில் சேர்த்து ஒரு சிறு தொகை கொடுக்கும் முறையும் இருந்தது. பர்மா, சீனா என்று கடல் கடந்து போகும்போது மட்டும் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. சம்பளத்தில் ஒரு பங்கை ஊரிலிருக்கும் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி எழுதிவைத்துவிட்டுப் போவார்கள்.

இதை நான் படித்தபோது மணியார்டர்தான் ஞாபகத்துக்கு வந்தது. மாதம் பத்தாம் தேதிக்கு மேல் போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டால் லைனில் உள்ள எல்லா வாசலிலும் ஒரு தலை தெரியும்.

என் முதல் நாட்கள்

என் சொந்த ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம். 1976ல் கல்யாணமாகி இங்கே வந்தேன். நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ரயில் வந்தது 1979ல்தான். அதனால் பஸ்ஸில் வந்தோம். பாங்கோட்டில் குவார்ட்டர்ஸ் உடனே கிடைக்கவில்லை. திருமலைப் பக்கம் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தார்.

பக்கத்து நாட்டுக்குப் போனால் பாஷை புரியாது என்று பயப்படுவார்கள். தமிழருக்கு மலையாளத்தில் வேறு மாதிரிச் சங்கடம். வார்த்தை எல்லாம் நம்ம வார்த்தை மாதிரியே இருக்கும், அர்த்தம் வேறு வழியில் போகும். நமக்கு வெள்ளம் என்றால் ஆறு கரை புரள்வது. இங்கே குடத்தில் இருப்பதும் வெள்ளம். என் ஊர்ப் பெயரைக் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பட்டி என்றால் அவர்களுக்கு நாய். அந்தப் பிள்ளைகளின் அம்மா, "எந்தா மோளே, பயந்து போயோ?" என்று கேட்டுக்கொண்டு ஒரு கிண்ணம் பழங்கஞ்சியும் சுட்ட மிளகாயும் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து அவர் எனக்குச் சேச்சி. எந்தக் கிணற்றில் கோடையிலும் தண்ணீர் வற்றாது, ரேஷன் கார்டுக்கு யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும், சாலையில் எந்தக் கடையில் நம்ம ஊர்ப் பருப்பு கிடைக்கும் என்று எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும்.

ஆறு மாதத்தில் அவருக்கு வடக்கே மாற்றல் வந்தது. குடும்பம் கூட்டிப்போக முடியாத இடம். ஊருக்குத் திரும்பிப் போ என்று மாமியார் வீட்டில் சொன்னார்கள். நான் இங்கேயே இருந்தேன். கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றோடு பழக்கமாகியிருந்தது. அவர்கள் மூலம் ஒரு சிறு பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலையும் கிடைத்தது.

1987ல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனபோது அவர் பிரிவும் போனது. 1990 மார்ச்சில் படை முழுதும் திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே உயிரிழந்தார்கள். அந்த மண்ணின் தமிழ் மக்கள் பட்ட துயரம் தனிக்கதை. அதை இங்கே சில வரிகளில் சொல்லி முடிக்க முடியாது. அவர் தமிழ் பேசும் ஊரில் துப்பாக்கியோடு நின்றார். அங்கே அவர் அந்நியர். நான் மலையாளம் பேசும் ஊரில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தேன். இங்கே எனக்குச் சேச்சி இருந்தார். ஏ.பி.ஓ. எண் போட்டு இன்லண்ட் கடிதம் வரும். "இங்கே எல்லாம் சுகம். சாப்பாடு பரவாயில்லை. பிள்ளைகளை நன்றாகப் படிக்கச் சொல்லு. ரேடியோவில் என்ன சொன்னாலும் கவலைப்படாதே" என்று இருக்கும். ஒவ்வொரு கடிதமும் ஏறக்குறைய ஒரே மாதிரி.

கிஃபோர்டின் கடிதத்தைப் பற்றிப் பல வருஷம் கழித்துப் படித்தபோது என் பெட்டியில் இருந்த கடிதங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். நடுவே 266 வருஷம். பெண்களைப் பயமுறுத்தாதீர்கள் என்ற அதே சொல்தான் வேறு கையெழுத்தில், வேறு மொழியில். அவரிடம் கேட்டேன்: "உண்மையை எழுதியிருக்கக் கூடாதா?" அவர் சிரித்தார். "எழுதினா சென்சார்ல அடிச்சிருப்பான். அடிக்காம வந்தா நீ தூங்கியிருப்பியா?" என்றார். "எழுதாததாலேதான் தூங்கலே" என்றேன். அதற்கு மேல் இருவரும் அதைப் பேசவில்லை.

எழுத வேண்டியவை

இந்த மூன்று நூற்றாண்டுக் கதையிலிருந்து நான் புரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டாளத்துப் பெண் ஏட்டில் ஏறுவது பெரும்பாலும் இரண்டு நேரங்களில்தான்: அவன் செத்தபோது, அல்லது பணத்தில் தகராறு வந்தபோது. கேதரின் பெயர் இரண்டாலும் வந்தது. மார்கரீட்டா பெயர் கல்லறையால் வந்தது. ரெஜிமெண்டோடு கொல்லம் வரை நடந்து வந்த மெட்ராஸ் சிப்பாயின் மனைவிக்கு நினைவுக்கல் இல்லை, வழக்கும் இல்லை. அவளை நாம் பாளையம், பட்டாளம், லைன் என்கிற சொற்களில்தான் தேட வேண்டியிருக்கிறது.

சுதந்திர இந்தியாவில் நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. குடும்ப ஓய்வூதியம் இருக்கிறது. ராணுவ மனைவியர் நலச் சங்கம் 1966 முதல் இயங்குகிறது. 2003ல் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் வந்தது. எல்லைப் பகுதியில் இருப்பவரோடு இன்றைய பெண் கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறாள். கேன்டீன் அட்டையும் இருக்கிறது. இத்தனை இருந்தும், புது ஊரில் வந்து இறங்கிய முதல் வாரத்தில் அவளுக்குத் தேவைப்படுகிற ஒன்றை எந்த அலுவலகமும் தருவதில்லை. கதவைத் தட்டிக் கேட்கிற ஒரு மனுஷி வேண்டும்.

நம் தமிழ்ச் சங்கம் அதைச் செய்ய முடியும். பாங்கோட்டுக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ராமநாதபுரம், வேலூர், தேனி, கன்னியாகுமரி என்று எங்கிருந்தோ வரும் இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்கு, பள்ளிக்கூட அட்மிஷனும் தண்ணீர் வரும் நேரமும் நம்ம பாஷையில் சொல்ல ஒரு ஆள் கிடைத்தால் அவளுக்குப் பாதி பாரம் குறையும். மகளிர் பிரிவினர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வந்தால் போதும்.

இரண்டாவது வேண்டுகோள், வரலாறு பற்றியது. நம் சங்கத்து மூத்த பெண்களில் பட்டாளக் குடும்பத்தவர் பலர் உண்டு. 1962, 1965, 1971 போர்க்காலங்களில் இங்கே தனியாகக் குடும்பம் நடத்தியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நாளுக்கு நாள் எண்ணிக்கை குறைகிறது. அவர்களிடம் பேத்திகள் உட்கார்ந்து கேட்க வேண்டும். எந்த ஊரிலிருந்து எந்த வண்டியில் வந்தாய் பாட்டி? முதல் நாள் என்ன சமைத்தாய்? யார் முதலில் உன்னிடம் பேசியது? தாத்தா கடிதத்தில் என்ன எழுதினார், என்ன எழுதவில்லை? பதிலை அப்படியே, அவர்கள் பேசுகிற பேச்சிலேயே, ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதியும் ஊர்ப் பெயரும் தவறாமல் குறித்து வையுங்கள். பழைய கடிதங்களை அடுப்புக்கோ பழைய பேப்பர்காரருக்கோ போட வேண்டாம். சங்க நூலகத்தில் அவற்றுக்கு ஒரு அலமாரி ஒதுக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். என் பெட்டியில் உள்ள கடிதங்களை முதல் கட்டாக நானே கொண்டுவந்து தருகிறேன்.